பத்தாவது நிமிஷம்

பெங்களூர்
18-2-2025

அண்ணி,

போன் செய்தேன். அணைத்து வைத்திருப்பதாகச் சொன்னது. பக்கத்து வீட்டு ஈஸ்வரி அக்காவுக்கு அடித்தேன். அந்தச் சேதி வந்த நாளிலிருந்து உங்கள் போன் துணியில் சுற்றி அரிசி டின்னுக்குள் கிடக்கிறது, எழுதினால்தான் படிப்பீர்கள் என்றார். அதனால் எழுதுகிறேன்.

ஒரு உதவி கேட்க வேண்டியிருக்கிறது. கேட்க எனக்கே கூச்சமாக இருக்கிறது. அண்ணன் இடத்தில் உங்களுக்குக் கூட்டித் துடைக்கும் வேலை கொடுத்தார்களே, அந்த அட்டைப்பெட்டிக் கம்பெனியின் கம்ப்யூட்டர் இணைப்புகளைப் பெங்களூரில் உட்கார்ந்து பார்த்துக்கொள்வது எங்கள் ஆபீஸ்தான் என்பது உங்களுக்குத் தெரியும். ஞாயிற்றுக்கிழமைகளில் மாடியில் நீங்கள்தான் இருக்கிறீர்கள், சாவியும் உங்களிடம்தான் என்று உங்கள் மேனேஜர் பார்த்திபன் சார் சொன்னார்.

மாடிக் கோடியில் ஏசி போட்ட சின்ன ரூம் இருக்கும். கண்ணாடிக் கதவு. உள்ளே பீரோ மாதிரி ஒரு கறுப்பு அலமாரி, நடுத்தட்டில் பச்சை விளக்கு எரிகிற பெட்டி. அது ஒரு வாட்ச்மேன். கம்பெனிக்குள் எந்தச் சேதி வரலாம், எது வரக்கூடாது என்று அதுதான் பார்க்கிறது. மார்ச் 2ஆம் தேதியும் 16ஆம் தேதியும் நான் இங்கிருந்தபடி அந்த வாட்ச்மேனுக்குப் புதுச் சட்டம் எழுத வேண்டும். ஒரு வரி தப்பினால் என்னையும் உள்ளே விடாது. பிறகு இங்கிருந்து என்னால் ஒன்றும் செய்ய முடியாது.

அப்படி ஆனால் ஒரு ஆள் கையால் அதை அணைத்து, முப்பது வரை எண்ணி, மறுபடி போட வேண்டும். பழைய சட்டத்துக்கு வந்துவிடும். அவ்வளவுதான் வேலை. போடுவதற்கு முன்னால் மட்டும் கீழே போய், எந்த எந்திரத்துக்குள்ளும் யாரும் இல்லை என்று உங்கள் கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

முடியாது என்றால் எழுதுங்கள். தப்பாக எடுக்க மாட்டேன்.

எபினேசர்


தேர்வாய் கண்டிகை
22-2-2025

தம்பி எபினேசருக்கு ஞானம்மா எழுதுவது.

ஸ்தோத்திரம் என்று ஆரம்பிக்க கை வரவில்லை. அது இல்லாமலே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்புப் படித்தவள் எழுத்து, பார்த்துப் படி.

உன் அண்ணன் போய் மூன்று மாதம் ஆகிறது. அடக்கத்தன்று கூட்டத்துக்குப் பின்னால் நின்றாய். மண் போடக்கூட முன்னால் வரவில்லை. நாற்பதாம் நாள் ஜெபத்துக்கு வரவே இல்லை. கூடப் பிறந்தவன் வரவில்லையா என்று சர்ச் ஐயர் கேட்டபோது லீவு கிடைக்கவில்லை என்று பொய் சொன்னேன். இப்போது எழுதுகிறாய், அதுவும் கம்பெனி வேலைக்காக. சரி. நானும் அதே கம்பெனிச் சோறுதானே தின்கிறேன்.

உனக்குத் தெரியாது, அந்தக் கம்பெனியில் நான் எந்த ஸ்விட்சையும் தொடுவதில்லை. விளக்குகூடப் போட மாட்டேன். மாடியில் ஜன்னல் வெளிச்சத்தில்தான் கூட்டுகிறேன். பேன் போடச் சொன்னால் வேறு ஆளைக் கூப்பிடுவேன். ஒரு ஸ்விட்சைப் போட்டால் எங்கே எது ஓடும், அதற்குள் யார் இருப்பார்கள் என்று மனசு அடித்துக்கொள்கிறது. கழிவு அட்டையை அமுக்கிக் கட்டுகிற அந்த பேலர் எந்திரத்துக்குப் பெல்ட்டு வழியாகத்தான் அட்டை போகும். அந்தப் பெல்ட்டு மேல் உன் அண்ணன் நிற்கும்போது சுப்பிரமணி பட்டனைப் போட்டான். விசாரணை முடியும் வரை அவனுக்குக் கேட் வேலை கொடுத்திருக்கிறார்கள். தினமும் அவனைத் தாண்டித்தான் உள்ளே போகிறேன். இரண்டு தடவை அவன் காலடியில் துப்பினேன். துடைக்காமல் கேட்டைத் திறந்துவிட்டான். திருப்பி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மனசு ஆறியிருக்கும்.

இரண்டு கேள்வி கேட்கிறேன். மாடியில் இருக்கிற பெட்டிக்கும் கீழே இருக்கிற எந்திரத்துக்கும் என்ன சம்பந்தம்? கீழே போய்ப் பார் என்று ஏன் எழுதியிருக்கிறாய்? இன்னொன்று, இத்தனை நாள் இந்த வேலையை யார் செய்தார்கள்?

பதில் போடு. பிறகு சொல்கிறேன்.

ஞானம்மா


பெங்களூர்
25-2-2025

அண்ணி,

நீங்கள் திட்டியது எல்லாம் நியாயம்.

கீழே பார்க்கச் சொன்னது ஒரு முன்ஜாக்கிரதைக்காக. அந்தப் பெட்டி வழியாகச் சில எந்திரங்களுக்கும் சேதி போகிறது. பெரிதாக ஒன்றும் இல்லை.

இத்தனை நாள் இதற்கு ஆள் தேவைப்படவில்லை. எங்கள் தொழிலில் எல்லோரும் ஒரு டைமர் வைப்போம். சட்டத்தை மாற்றிவிட்டுப் பத்து நிமிஷத்துக்குள் நான் 'சரி' என்று சொல்லாவிட்டால், நான் மாட்டிக்கொண்டேன் என்று அர்த்தம். பெட்டி தானாகப் பழையபடி திரும்பிவிடும். சாவியை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வெளியே நிற்கிறவனுக்குக் கதவு தானாகத் திறக்கிற மாதிரி. நல்ல ஏற்பாடுதான். நானே பத்துப் பேருக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இப்போது நான் அதை வைப்பதில்லை. ஆள் பார்த்துச் செய்தால் நல்லது என்று தோன்றியது. வேறு காரணம் இல்லை.

ஞாயிறு காலை பதினொரு மணிக்கு அந்த ரூமில் இருங்கள். பதினொன்றரைக்குள் சுவரில் இருக்கிற இன்டர்காம் அடிக்கும். நான் 'சரி' என்று சொல்வேன். அதோடு நீங்கள் போகலாம். அடிக்காவிட்டால் மட்டும்தான் நான் எழுதிய வேலை. அன்று வேலை கொஞ்சம்தான், அநேகமாக அடித்துவிடும்.

வேறு யாரையும் கேட்க எனக்கு மனசு வரவில்லை. செக்யூரிட்டி ஆளிடம் சொன்னால் கீழே பார்க்காமல் போட்டுவிடுவான். நீங்கள் பார்ப்பீர்கள்.

எபினேசர்


தேர்வாய் கண்டிகை
5-3-2025

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை பத்தரைக்கே அந்த ரூமுக்குப் போய்விட்டேன். ஏசிக் குளிரில் பல் தந்தியடித்தது. உட்கார நாற்காலி இல்லை. அலமாரி முழுக்கச் சின்னச் சின்ன விளக்கு, எல்லாம் கண் சிமிட்டுகிறது. எல்லாம் என்னையே பார்ப்பது மாதிரி இருந்தது. ஸ்விட்ச் எங்கே என்று பார்த்துவைத்தேன். தொடவில்லை. புடவைத் தலைப்பில் கையைச் சுற்றிக்கொண்டு நின்றேன்.

பதினொரு மணி ஆனதும் பெட்டியில் ஒரு விளக்கு ஆரஞ்சு நிறமானது. கீழே எந்திரச் சத்தம் தரை வழியாகக் காலில் ஏறுகிறது. அது நின்றால் யாரோ உள்ளே ஏறுவார்கள், ஏறினால் அது ஓடும் என்று ஒரே நினைப்பு. நான் அசைந்தால் ஏதாவது ஆகிவிடும் என்று மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். பதினொன்று இருபத்தைந்துக்கு இன்டர்காம் அடித்தது. எடுக்க முடியவில்லை. நான்கு தடவை அடித்த பிறகுதான் எடுத்தேன். நீ 'சரி அண்ணி' என்றாய். மூன்று மாதத்தில் உன் குரலை அன்றுதான் கேட்டேன். உன் அண்ணன் குரல் மாதிரியே இருந்தது. வைத்துவிட்டேன்.

வெளியே வரும்போது கேட்டுக்கு அருகில் கண் இருட்டியது. பிடித்து உட்காரவைத்தது யார் தெரியுமா? சுப்பிரமணி. தண்ணீர் கொடுத்தான். வாங்கக்கூடாது என்று நினைத்தேன். நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது, குடித்துவிட்டேன். இன்னாக்கா ஆச்சு என்றான். மாடியில் ஒரு பெட்டிக்குக் காவல் நின்றேன் என்றேன். அவன் யாராவது வருகிறார்களா என்று பார்த்துவிட்டுப் பக்கத்தில் குந்தினான். பிறகு சொன்னான். அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"நான் போடலக்கா. எம் பசங்க மேல சத்தியமா போடல. அன்னிக்கு பெல்ட்டு அதுவா நின்னுச்சு. பேனல்ல செவப்பு லைட்டு. தானியேலு அண்ணன், அட்ட மாட்டிக்கினு கீது போல, இரு எட்த்துட்டு வரேன்னு ஏறிட்டாரு. நான் அந்த லைட்டையே பாத்துனு நிக்கிறேன். ரெண்டு கையும் பாக்கெட்டுல. அது தானா பச்சையாச்சு. தானா ஓடுச்சு."

எவ்வளவு நேரம் நின்றது என்று கேட்டேன். பத்து நிமிஷம் இருக்கும் என்றான். விசாரணையில் இதைச் சொன்னாயா என்றேன். "சொன்னேன். எந்திரம் தானா ஓடுமாடா, பேய் கீய் வந்துச்சான்னு கேட்டு சிரிக்கிறாங்க" என்றான்.

வீட்டுக்கு வந்து உன் கடிதத்தை எடுத்தேன். பத்து நிமிஷம் என்று எழுதியிருக்கிறாய். தானாக என்று எழுதியிருக்கிறாய். நான் படிக்காதவள். இரண்டு பேர் ஒரே மாதிரி சொன்னால் அது மட்டும் எனக்குப் புரியும்.

மூன்று நாளாக இந்தக் கடிதத்தை எழுதுகிறேன். எழுதி எழுதி நிறுத்திவிடுகிறேன். நான் நினைப்பது தப்பு என்று ஒரு வரி எழுதிவிடு. கெஞ்சிக் கேட்கிறேன். சுப்பிரமணி பொய் சொல்கிறான் என்று எழுது, நம்பிவிடுகிறேன்.

நவம்பர் 17ஆம் தேதி நீ எங்கே இருந்தாய்?

ஞானம்மா


பெங்களூர்
8-3-2025

அண்ணி,

சுப்பிரமணி பொய் சொல்லவில்லை.

நான் இந்த மேஜையில்தான் இருந்தேன். காலை 10.41க்கு ஒரு வரி தப்பாக எழுதினேன். என்னையும் தடுத்தது, பேலருக்குப் போகிற சேதியையும் தடுத்தது. மெயின் லைனிலிருந்து சேதி வருகிற வரைக்கும் அந்தப் பெல்ட்டு ஓடும். சேதி நின்றால் நிற்கும். திரும்ப வந்தால் யாரையும் கேட்காமல் திரும்ப ஓடும். அதை அப்படி அமைத்தது வேறு யாரோ. ஆனால் அது அப்படி அமைந்திருப்பதை நான் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

நான் பதறவில்லை அண்ணி. டைமர் இருக்கிறது, பத்து நிமிஷத்தில் தானாகத் திரும்பிவிடும் என்று எழுந்து போய் டீ குடித்தேன். 10.51க்குத் திரும்பியது. நான் வந்து பார்த்தபோது எல்லாம் பச்சையாக இருந்தது. அடுத்த வரியை எழுத ஆரம்பித்தேன். முக்கால் மணி நேரம் வேலை செய்தேன். பிறகுதான் ஊரிலிருந்து போன் வந்தது.

பயணத்தில்தான் நேரத்தைக் கேட்டேன். பத்து ஐம்பது இருக்கும் என்றார்கள். பஸ்ஸிலேயே புரிந்துவிட்டது. அதனால்தான் கூட்டத்துக்குப் பின்னால் நின்றேன். என் கையால் அவர்மேல் மண் போட முடியவில்லை.

பதிவு எங்கள் கம்ப்யூட்டரில் இருக்கிறது. இரண்டு நேரமும் அதில் இருக்கின்றன. என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. யாரும் கேட்கவில்லை. அழிக்கவும் இல்லை, காட்டவும் இல்லை.

எனக்குப் பயமாக இருக்கிறது. சொன்னால் வேலை போகும், கேஸ் வரும். ஜெபா மாசமாக இருக்கிறாள், இது ஆறாவது மாதம். அவளுக்கும் தெரியாது. ராத்திரி எழுந்து உட்கார்ந்தால் வயிற்றுவலியா என்று கேட்கிறாள். விசாரணையில் சாட்சி இல்லாததால் சுப்பிரமணியை எப்படியும் விட்டுவிடுவார்கள் என்று கேள்விப்பட்டேன். ஆறு மாதம் பொறுங்கள். குழந்தை பிறக்கட்டும். பிறகு நானே வந்து சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை எரித்துவிடுங்கள் என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அதைக் கேட்கிற தகுதி எனக்கு இல்லை.

16ஆம் தேதி வேலைக்கு வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறேன்.

எபினேசர்


தேர்வாய் கண்டிகை
11-3-2025

எபினேசர்,

எரிக்கவில்லை. பைபிளுக்குள்ளும் வைக்கவில்லை. ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய் வருகிறேன். கீழே விழுந்துவிடுமோ, யாராவது எடுத்துவிடுவார்களோ என்று அடிக்கொரு தரம் தொட்டுப் பார்க்கிறேன். உன் பயம் எனக்கும் ஒட்டிக்கொண்டது.

உன்னை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி நான் வந்தபோது உனக்குப் பத்து வயசு. உனக்குத் தலை துவட்டியிருக்கிறேன். நீ கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்று உன் அண்ணன்தான் ஒற்றைக்காலில் நின்றார். இதையெல்லாம் சொல்லிக்காட்ட எழுதவில்லை. நினைவு வருகிறது, எழுதுகிறேன்.

நேற்று சுப்பிரமணி பெண்டாட்டி கம்பெனி வாசலில் வந்து நின்றாள். சாட்சி இல்லை என்று அவனை விட்டுவிடப்போவதில்லையாம். நீ கேள்விப்பட்டது தப்பு. பட்டனைப் போட்டது நான்தான், கவனமில்லாமல் போட்டேன் என்று கையெழுத்துப் போட்டுக்கொடு, கேஸ் இல்லாமல் வேலையை விட்டு மட்டும் அனுப்புகிறோம் என்கிறார்களாம். பதினேழாம் தேதி திங்கட்கிழமை கையெழுத்து. அவன் போட்டுவிடுவான். சண்டை போடுகிற தெம்பு அவனுக்கு இல்லை. நான் துப்பினதையே துடைக்காமல் போனவன்.

அதனால் ஆறு மாதம் கிடையாது. ஆறு நாள்தான்.

இதைக் கவனமாகப் படி. ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு ஆள் பார்க்காதே. நான்தான் வருவேன். காலை பத்து மணிக்கு முதலில் கீழே போய் எல்லாரையும் வெளியே வரச் சொல்வேன். பிறகு மாடிக்குப் போய் அந்தப் பெட்டியை அணைப்பேன். போட மாட்டேன். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு வாசற்படியில் உட்காருவேன். அது இல்லாமல் லைன் ஓடாது என்பது எனக்கு இப்போது தெரியும். பெங்களூரில் இருந்துகொண்டு நீ எதை எழுதினாலும் அது கேட்காது. உடைத்துத் திறந்து யாராவது போட வந்தால், உள்ளே யாரும் இல்லை என்று பார்த்தாயா என்று கேட்பேன்.

நீ வந்து சொல்ல வேண்டும். எனக்குச் சொன்னது போதாது. அந்த ஷிப்டு ஆட்கள் இருபது பேர் முன்னால், சுப்பிரமணி முன்னால் சொல்ல வேண்டும்.

இதற்குப் பிறகு என் வேலை போனாலும் போகட்டும். ஸ்விட்சில் கை வைக்க வேண்டுமே என்று நினைத்தால் இப்போதே விரல் மரத்துப்போகிறது. ஜெபாவிடம் நீயே சொல்லிவிட்டு வா. வெளியாள் வாயால் அவளுக்குத் தெரியக்கூடாது. எனக்குத் தெரிந்த மாதிரி அவளுக்கும் தெரியவேண்டாம்.

ஞானம்மா


திருவள்ளூர் ரயில் நிலையம்
16-3-2025

இதைத் தபாலில் போடவில்லை. கையில் கொண்டுவருகிறேன். பெரியபாளையம் பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. அங்கே வந்து நின்றால் எனக்குக் குரல் வருமா தெரியாது. வராவிட்டால் அண்ணி இதைப் படிக்க வேண்டும்.

நான் எபினேசர். தானியேலின் தம்பி. நவம்பர் 17ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை 10.41க்கு பேலர் பெல்ட்டு நின்றது என்னால். பெங்களூரில் உட்கார்ந்து நான் செய்த தவறால். 10.51க்கு அது ஓடியதும் என்னால். நான் வைத்திருந்த டைமரால். சுப்பிரமணி எந்தப் பட்டனையும் தொடவில்லை. என் அண்ணன் கவனக்குறைவாக இல்லை. நின்ற எந்திரம் என்று நினைத்து ஏறினார். அது நின்ற எந்திரம் இல்லை, காத்துக்கொண்டிருந்த எந்திரம். அது அவருக்குத் தெரிய வழியே இல்லை. நேரம் பதிவான தாள் இதோடு இருக்கிறது. எங்கள் ஆபீசுக்கும் பார்த்திபன் சாருக்கும் இன்று விடியும்போதே அனுப்பிவிட்டேன்.

இங்கே இருக்கிற மற்ற நான்கு பெல்ட்டுகளும் அப்படித்தான் அமைந்திருக்கின்றன. சேதி வந்தால் தானாக ஓடும். அதை மாற்றும் வரை யாரும் அவற்றில் ஏறாதீர்கள். நின்றுவிட்டது என்று நம்பாதீர்கள். பேனலில் மெயினை இறக்கிப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு ஏறுங்கள்.

அந்தப் பத்து நிமிஷத்தில் நான் ஒரு போன் செய்து, உள்ளே யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டிருக்கலாம். லைனில் வேலை செய்கிறவர்களில் ஒரே ஒருவர் நம்பர்தான் என்னிடம் இருந்தது. அது அண்ணனுடையது. அடித்தால் பேச்சு நீளும் என்று அடிக்கவில்லை.


தேர்வாய் கண்டிகை
20-3-2025

தம்பி,

நீ போலீஸ் ஸ்டேஷனிலிருந்து நேராகப் பெங்களூர் போய்விட்டாய் என்று சுப்பிரமணி சொன்னான். மறுபடி கூப்பிடுவார்களாம். வக்கீல் ஒருவரை அவனே விசாரித்துக்கொண்டிருக்கிறான். உனக்காக. எனக்கு அது புரியவே இல்லை. ஏன்டா என்று கேட்டதற்கு, "அவரு வரலன்னா நான் கையெழுத்து போட்டிருப்பேன்க்கா" என்றான். அவன் காலடியில் துப்பினதற்கு இன்னும் நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நாளை சொல்ல வேண்டும்.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரிய வேண்டும். கம்பெனி கூப்பிட்ட போலீஸ் உன்னை அழைத்துக்கொண்டு போனதும், நான் உட்கார்ந்திருந்த வாசற்படிக்குப் பார்த்திபன் சார் ஏறி வந்தார். அதட்டவில்லை. திங்கட்கிழமை ஷிப்டுக்கு ஆபீஸ் கம்ப்யூட்டராவது ஓட வேண்டும், பெல்ட்டு எதுவும் ஓடாது, பெட்டியை மட்டும் போட்டுத் தாருங்கள் என்றார். சாவியை அவரிடம் கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. சுப்பிரமணி கீழே ஐந்து பெல்ட்டுக்கும் மெயினை இறக்கிப் பூட்டினான். பிறகு வெளியே நிற்கிறவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். இருபது பேரும் குரல் கொடுத்தார்கள். எனக்குப் போதவில்லை. நானே கீழே போய் ஒவ்வொரு எந்திரத்துக்குள்ளும் குனிந்து பார்த்தேன். பேலருக்குள்ளும் பார்த்தேன். அங்கே கழுவித் துடைத்து வைத்திருந்தார்கள். ஒன்றும் இல்லை. மாடிக்குப் போய் எண்ணினேன். முப்பது போதாமல் நூறு வரை எண்ணினேன். போட்டேன். யாரும் சாகவில்லை.

உன் பேப்பரைப் பற்றிச் சொல்கிறேன். நீ நின்று வாயைத் திறந்தாய், காற்றுதான் வந்தது. என் கையில் கொடுத்தாய். எழுத்துக் கூட்டி முழுசும் சத்தமாகப் படித்தேன் என்று நினைத்திருப்பாய். நீ தலையைத் தொங்கப்போட்டிருந்தாய், கேட்டிருக்க மாட்டாய். கடைசியில் போன் நம்பர் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படிக்கவில்லை. அங்கே வந்ததும் நிறுத்தி, இவ்வளவுதான் என்று சொல்லிவிட்டேன்.

போலீஸ் அந்தப் பேப்பரைக் கேட்டது. மேலே உள்ளது எல்லாம் அவர்களுக்குச் சேர வேண்டியது, சுப்பிரமணிக்குச் சேர வேண்டியது. கடைசி வரிகளை மட்டும் மடித்துக் கிழித்துக்கொண்டு மீதியைக் கொடுத்தேன். அதில் குற்றம் எதுவும் இல்லை. ஒரு தம்பி அண்ணனுக்கு போன் செய்யாமல் விட்டதுதான் இருக்கிறது. அதை வைத்துக்கொண்டு ஊர் என்ன செய்யும்?

மன்னித்தேன் என்று எழுத வரவில்லை. வந்தால் எழுதுகிறேன். அந்தத் துண்டுக் காகிதம் என்னிடம்தான் இருக்கிறது. இரண்டு பேர் தெரிந்து வைத்திருந்தால் போதும்.

ஜெபாவைத் தனியாக விடாதே. வெயில் காலம், அவளுக்கு ஏழாம் மாதம் தொடங்கியதும் இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடு. நான் பார்த்துக்கொள்கிறேன்.

ஞானம்மா